ஒரே பிராட்பேண்ட் இணைப்பு, இரண்டு பழைய கணினிகள்: முழுமையான வழிகாட்டி

வீட்டுக்குள் வரும் பிராட்பேண்ட் இணைப்பு ஒன்று. கணினிகள் இரண்டு, இரண்டுமே பல வருடம் உழைத்துக் களைத்தவை. இரண்டிலும் ஒரே நேரத்தில் இணையம் வேண்டும் என்றால் பலர் முதலில் கை வைப்பது கணினியில்தான். ஒன்றை மோடத்தில் இணைத்து, அதன் வழியாக மற்றொன்று இணையத்துக்குப் போகும்படி செய்யப் பார்க்கிறார்கள். ரவுட்டர் அரிதாக இருந்த காலத்தில் அது நியாயமான வழி. 1999இல் வந்த விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பிலேயே மைக்ரோசாஃப்ட் அதற்கென ஒரு வசதியைச் சேர்த்திருந்தது. இன்றைக்கு அதைக் கடைசி வழியாக மட்டுமே வைத்துக்கொள்ள வேண்டும். பகிர்கிற கணினி உறக்கநிலைக்குப் போனால் மற்றதற்கு இணையம் இல்லை. அதில் வைரஸ் புகுந்தால் இரண்டுக்கும் ஆபத்து. அதன் விண்டோஸை மறுபடி நிறுவினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து அமைக்க வேண்டும்.

எனவே பகிரும் வேலையை ரவுட்டரிடம் விடுங்கள் என்பதுதான் என் கட்சி. ரவுட்டருக்கு வழியே இல்லாதவர்களுக்கான முறையையும் பின்னால் சொல்லியிருக்கிறேன்.

மோடத்தைத் திருப்பிப் பாருங்கள்

எதையும் வாங்குவதற்கு முன், இணையச் சேவை நிறுவனம் கொடுத்த பெட்டியின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஒரே அளவில், பெரும்பாலும் ஒரே நிறத்தில், 1 முதல் 4 வரை எண்ணிட்ட துளைகள் வரிசையாக இருந்தால் ரவுட்டர் அந்த மோடத்துக்குள்ளேயே இருக்கிறது என்று கிட்டத்தட்ட நிச்சயமாகச் சொல்லலாம். ரவுட்டர் வாங்கக் கிளம்புகிறவர்கள் பலரது வீட்டில் அது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். அவர்களுக்குத் தேவை இரண்டு கேபிள்கள்தான்.

ஒரே ஒரு துளை இருந்தால் கணினி ஒன்றை அதில் இணைத்து, அதற்குக் கிடைத்த ஐபி முகவரியைப் பாருங்கள். விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து ‘ஐபிகான்ஃபிக்’ (ipconfig) கட்டளையை இட்டால் முகவரி தெரியும். அது 192.168 என்று தொடங்கினால் மோடமே ரவுட்டர் வேலையையும் பார்க்கிறது. அந்த வரிசை வீடு, அலுவலகம் போன்ற உள் நெட்வொர்க்குகளுக்கென ஒதுக்கப்பட்டது. பொது இணையத்தில் அது செல்லாது. 10 என்று தொடங்கும் முகவரியும் அதே வகைதான். ஆனால் சில சேவை நிறுவனங்களே தங்கள் வாடிக்கையாளர்களுக்கு அந்த வரிசையில் முகவரி கொடுப்பதால் அதை வைத்து மட்டும் முடிவு செய்ய வேண்டாம்.

இணையத்துக்குப் போகும்போதெல்லாம் கணினியிலேயே பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து ‘டயல்’ செய்ய வேண்டியிருக்கிறதா? அப்படியானால் மோடம் வெறும் பாலமாக நிற்கிறது. பிபிபிஓஇ எனப்படும் உள்நுழைவைக் கணினி செய்துகொண்டிருக்கிறது. இந்த வீட்டுக்கு ரவுட்டர் தனியாக வேண்டும், அல்லது மோடத்தில் வசதி இருந்தால் அதையே ரவுட்டர் முறைக்கு மாற்ற வேண்டும்.

ரவுட்டர் செய்வது இதுதான். சேவை நிறுவனம் உங்களுக்குத் தருவது பொதுவாக ஒரே ஒரு வெளி முகவரி. ரவுட்டர் அதைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் கணினிகளுக்குத் தனித்தனி உள் முகவரிகளை வழங்குகிறது. எந்தக் கணினி எந்தத் தளத்திடம் எதைக் கேட்டது என்று ஒரு பட்டியல் வைத்திருந்து, பதில் வரும்போது உரிய கணினியிடம் சேர்க்கிறது. வெளியுலகுக்குத் தெரியும் கதவு எண் ஒன்றுதான். வந்த கடிதம் உள்ளே யாருக்கு என்பது வாசலில் நிற்பவருக்கு மட்டுமே தெரியும். இந்த முகவரி மாற்றத்துக்கு நாட் என்று பெயர். யாரும் கேட்காத கடிதம் வந்தால் வாசலோடு திருப்பி அனுப்பப்படுகிறது. பழைய கணினிகளுக்கு இந்தக் குணம் எவ்வளவு முக்கியம் என்பதைப் பாதுகாப்புப் பகுதியில் பார்க்கலாம்.

பழைய கணினியில் துளை இருக்கிறதா?

2000க்கு முந்தைய பல மேசைக் கணினிகளில் லேன் துளை, அதாவது நெட்வொர்க் கேபிளைச் செருகும் துளை, கிடையாது. அதற்குப் பிந்தையவற்றில் பெரும்பாலும் மதர்போர்டிலேயே இருக்கும். இங்கே ஒரு குழப்பம் காத்திருக்கிறது. அந்தக் காலக் கணினிகள் பலவற்றில் தொலைபேசி மோடத்துக்கான துளையும் உண்டு; பார்வைக்கு லேன் துளையின் தம்பி மாதிரியே இருக்கும். உள்ளே எட்டிப் பாருங்கள். எட்டு பொன்னிறத் தகடுகள் வரிசையாகத் தெரிந்தால் லேன். அகலம் குறைந்து, இரண்டோ நான்கோ தகடுகள் மட்டும் தெரிந்தால் தொலைபேசி. தொலைபேசிச் செருகி லேன் துளைக்குள் தளர்வாக நுழைந்துவிடும் என்பதால், நுழைந்ததே என்று நம்பிவிடக் கூடாது.

துளையே இல்லாத மேசைக் கணினிக்கு பிசிஐ லேன் கார்டு நல்ல தீர்வு. நொடிக்கு 100 மெகாபிட் வேகம் கொண்ட பழைய கார்டே போதும். ரியல்டெக் 8139 சில்லு உள்ள கார்டு கிடைத்தால் விட வேண்டாம். விண்டோஸ் எக்ஸ்பியும் லினக்ஸும் அதற்கான டிரைவரைத் தம்மோடே கொண்டுவருகின்றன. பொருத்தும்போது மின்கம்பியைக் கழற்றிவிட்டு, கேபினட்டின் உலோகப் பகுதியை ஒரு முறை தொட்டு உடலில் உள்ள நிலைமின்சாரத்தை இறக்கிய பிறகு கார்டைக் கையில் எடுங்கள்.

மடிக்கணினி என்றால் யுஎஸ்பி லேன் அடாப்டர். யுஎஸ்பி 1.1 துளையின் உச்ச வேகம் நொடிக்கு 12 மெகாபிட்தான், 2.0 என்றால் 480. மிகப் பழைய மடிக்கணினியில் இணையம் மந்தமாக இருப்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். இன்னொரு சங்கடமும் உண்டு: அடாப்டருக்கான டிரைவர் இணையத்தில் இருக்கும், இணையத்துக்குப் போக அடாப்டர் வேண்டும். வேலையைத் தொடங்குவதற்கு முன்பே இணையம் உள்ள வேறொரு கணினியில் டிரைவரைப் பதிவிறக்கிப் பென் டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வைஃபை பற்றி என் கருத்து கறாரானது. கணினி பழையதாக இருந்து, கேபிள் இழுக்க வழியும் இருந்தால் கேபிள்தான். 802.11பி தரத்தின் உச்சம் 11 மெகாபிட். 2003இல் வந்த 802.11ஜி தரத்துக்கு 54. இவை காகிதத்தில் உள்ள எண்கள். கையில் கிடைப்பது பாதி அளவு என்றாலே நல்லது. இந்தப் பழைய கார்டுகளின் கண்ணுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டுமே தெரியும். ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் ஒலிபரப்பினால் நெட்வொர்க்கின் பெயர்கூடப் பட்டியலில் வராது. 12, 13 ஆகிய சேனல்களைப் பார்க்காத கார்டுகளும் உண்டு; அதனால் 1, 6, 11 ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வைஃபையின் பூட்டு முறையை டபிள்யூபிஏ3 மட்டும் என்று அமைத்திருந்தால் பழைய கணினி உள்ளே வராது, டபிள்யூபிஏ2 தேவை. எக்ஸ்பியில் அதற்கு மூன்றாம் சர்வீஸ் பேக் இருப்பது நல்லது. அதுவும் சரிவரவில்லை என்று சிலர் வீட்டு வைஃபை முழுவதையும் வெப் என்ற பழைய பூட்டுக்கு இறக்கிவிடுகிறார்கள். ஒரு கிழட்டு மடிக்கணினிக்காக வீட்டுக்கதவைக் கழற்றி வைக்கிற வேலை அது. வெப் பூட்டை உடைக்க இலவச மென்பொருளும் சில நிமிடங்களும் போதும்.

கேபிளைக் கையில் எடுத்துப் பாருங்கள்

கேட் 5இ கேபிள் இந்த வேலைக்குத் தாராளம். ஒரே நீளமாக 100 மீட்டர் வரை போகலாம். வீட்டுக்குள் அந்த எல்லை வருவதில்லை. புதிய கேபிள் வாங்குகிறவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். பெட்டிக்குள் கிடக்கும் பழைய கேபிளை எடுத்துப் பயன்படுத்துகிறவர்கள் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள்.

முதலில் செருகியின் மேலுள்ள பிளாஸ்டிக் நாக்கு. துளையில் செருகும்போது ‘டிக்’ என்று ஒலி வர வேண்டும். அந்த நாக்கு ஒடிந்த கேபிள் உள்ளே நிற்கும், விளக்கும் எரியும். மேசையை நகர்த்தும்போதோ துடைக்கும்போதோ ஒரு மில்லிமீட்டர் பின்வாங்கும். அவ்வளவுதான், இணையம் ‘விட்டு விட்டு’ வரும். சேவை நிறுவனத்தைத் திட்டுவதற்கு முன் இந்த நாக்கைப் பாருங்கள்.

அடுத்து நிற வரிசை. கேபிளின் இரண்டு முனைகளையும் நாக்குக் கீழே இருக்கும்படி பக்கத்தில் பக்கத்தில் பிடியுங்கள். ஒளிபுகும் பிளாஸ்டிக் வழியாக எட்டுக் கம்பிகளின் நிறம் தெரியும். பரவலான வரிசை இது: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இரண்டு முனைகளிலும் வரிசை ஒன்றாக இருந்தால் நேர் கேபிள். கணினியிலிருந்து ரவுட்டருக்குப் போக இதுதான் வேண்டும். ஒரு முனையில் ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் இடம் மாறியிருந்தால் அது கிராஸ்ஓவர். இரண்டு கணினிகளை நடுவில் எதுவும் இல்லாமல் நேரடியாக இணைக்க அந்தக் காலத்தில் தேவைப்பட்டது. கிகாபிட் துளைகள் எந்தக் கேபிளாக இருந்தாலும் தாமே உணர்ந்து சரிசெய்துகொள்ளும். பழைய 100 மெகாபிட் கார்டுகள் பலவற்றுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை.

எட்டில் நான்கு கம்பிகள், அதாவது 1, 2, 3, 6, மட்டும் சரியாக இருந்தாலே 100 மெகாபிட் இணைப்பு ஓடிவிடும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். கிகாபிட் கார்டு காரணமில்லாமல் 100இல் நின்றால் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

இணைக்கும் வரிசை

ரவுட்டர் தனியாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். மோடத்துக்குள்ளேயே ரவுட்டர் உள்ளவர்கள் 4ஆம் படியிலிருந்து தொடங்கலாம். 6ஆம் படியில் சொல்லும் அமைப்பைச் சேவை நிறுவனம் ஏற்கெனவே செய்து கொடுத்திருக்கும். விதி ஒன்றே ஒன்று: ஒரு நேரத்தில் ஒரு கணினி. இரண்டையும் ஒரே மூச்சில் செருகிவிட்டு, பிறகு எது வேலை செய்யவில்லை என்று தேடுவது தலைவலி.

1. மோடம், ரவுட்டர், இரண்டு கணினிகள் எல்லாவற்றையும் அணையுங்கள்.

2. மோடத்தின் லேன் துளையிலிருந்து வரும் கேபிளை ரவுட்டரின் வான் துளையில், அதாவது இணையம் உள்ளே வரும் துளையில், செருகுங்கள். அது மற்றவற்றிலிருந்து சற்றுத் தள்ளியோ வேறு நிறத்திலோ இருக்கும். சிலவற்றில் ‘இன்டர்நெட்’ என்றே எழுதியிருக்கும்.

3. மோடத்தை மட்டும் போடுங்கள். இணைப்பு விளக்கு மினுக்குவதை நிறுத்தி நிலையாக எரியும்வரை காத்திருங்கள். பிறகு ரவுட்டர்.

4. முதல் கணினியை ரவுட்டரின் லேன் துளைகளில் ஒன்றில் இணைத்துப் போடுங்கள். நெட்வொர்க் அமைப்பில் டிசிபி/ஐபி பண்புகளைத் திறந்து, ஐபி முகவரியும் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சேவை) முகவரியும் ‘தானாகப் பெறு’ என்று இருக்கின்றனவா என்று பாருங்கள். பழைய கணினிகளில் எப்போதோ யாரோ கையால் தட்டிவைத்த முகவரி அப்படியே கிடக்கும். அதை நீக்கிவிடுங்கள்.

5. உலாவியில் ரவுட்டரின் முகவரியைத் தட்டுங்கள். பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1. ரவுட்டரின் அடியில் ஒட்டியுள்ள தாளில் முகவரியும் நுழைவுச் சொற்களும் இருக்கும்.

6. வான் இணைப்பின் வகையைத் தேர்ந்தெடுங்கள். கணினியில் இதுவரை பயனர் பெயர் கொடுத்து வந்திருந்தால் பிபிபிஓஇ. அதே பெயரையும் கடவுச்சொல்லையும் இங்கே இடுங்கள். இல்லையென்றால் ‘தானியங்கி ஐபி’ அல்லது ‘டைனமிக் ஐபி’ என்று இருக்கும் வகை.

7. முதல் கணினியில் இரண்டு மூன்று தளங்களைத் திறந்து பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் இரண்டாவது கணினியை இன்னொரு லேன் துளையில் செருகுங்கள். அதற்கும் முகவரி தானாகவே கிடைத்துவிடும்.

ஆறாம் படியில் ஒரு பின்குறிப்பு. பிபிபிஓஇ உள்நுழைவை ரவுட்டரிடம் ஒப்படைத்த பிறகு கணினியில் உள்ள பழைய ‘டயல்’ குறுக்குவழிச் சின்னத்தை அழித்துவிடுங்கள். வீட்டில் யாராவது பழக்கதோஷத்தில் அதைச் சொடுக்குவார்கள். அது பிழைச் செய்தி காட்டும். இணையம் போய்விட்டது என்று வீடே பரபரக்கும்.

இரண்டு இடங்களில் வேலை அடிக்கடி தடைப்படுகிறது. கேபிள் மோடங்கள் சில, தம்மோடு முதலில் பேசிய கருவியின் மேக் முகவரியை, அதாவது நெட்வொர்க் கார்டின் அடையாள எண்ணை, நினைவில் வைத்துக்கொண்டு வேறு எதையும் ஏற்க மறுக்கும். இதுவரை கணினியை நேரடியாக இணைத்திருந்தவர்கள் ரவுட்டரைச் செருகியதும் இணையம் வராமல் திகைப்பது இதனால்தான். மோடத்தைச் சில நிமிடங்கள் மின்சாரமில்லாமல் வைத்துவிட்டுப் போட்டாலே பெரும்பாலும் சரியாகிவிடும். ஆகாவிட்டால் ரவுட்டரில் ‘மேக் குளோன்’ என்ற வசதி வழியாகக் கணினியின் மேக் முகவரியையே ரவுட்டருக்கும் சூட்டலாம்.

இரண்டாவது தடை, சில தளங்கள் திறக்கின்றன, சில பாதியில் நின்றுவிடுகின்றன என்ற புதிர். ஈதர்நெட் பொட்டலத்தின் வழக்கமான அளவு 1500 பைட். பிபிபிஓஇ அதில் 8 பைட்டைத் தனக்கென எடுத்துக்கொள்கிறது. எனவே ரவுட்டரில் எம்டியூ எனப்படும் பொட்டல அளவு 1492 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். 1500 என்று இருந்தால் பெரிய பொட்டலங்கள் வழியில் சிக்கிவிடும்.

அதே உட்காரலில், பழைய கணினியை மறந்துவிட்டு ரவுட்டரை ஒருமுறை ஒழுங்குசெய்யுங்கள். நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். வெளியிலிருந்து ரவுட்டரை இயக்கும் வசதியையும் கடவுச்சொல் தட்டாமல் வைஃபையில் சேர்க்கும் டபிள்யூபிஎஸ் பொத்தான் முறையையும் அணையுங்கள். ரவுட்டரின் உள் மென்பொருளான ஃபர்ம்வேருக்குப் புதிய பதிப்பு இருந்தால் நிறுவுங்கள்.

துளை போதாவிட்டால்

மோடத்துக்குள் ரவுட்டர் இருக்கிறது, ஆனால் லேன் துளை ஒன்றுதான் என்றால் வாங்க வேண்டியது ரவுட்டர் அல்ல, ஒரு லேன் துளையைப் பலவாக்கும் ஸ்விட்ச் என்ற பெட்டி. அதற்கு எந்த அமைப்பும் வேண்டாம், செருகினால் போதும்.

வீட்டில் பழைய ரவுட்டர் சும்மா கிடந்தால் அதையே ஸ்விட்ச் ஆக்கலாம். அதை அப்படியே மோடத்தின் பின்னால் மாட்டினால் இரண்டு ரவுட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக முகவரி மாற்றிக்கொண்டிருக்கும். இரண்டும் 192.168.1 வரிசையையே பயன்படுத்தினால் எந்தப் பக்கம் வெளி, எந்தப் பக்கம் உள் என்று புரியாமல் இணையமே நின்றுபோகலாம். அதனால் முதலில் பழைய ரவுட்டரைத் தனியாக ஒரு கணினியோடு இணைத்து, அதன் லேன் முகவரியை மாற்றுங்கள். மோடம் 192.168.1.1 என்றால் இது 192.168.1.2 ஆகலாம். மோடம் கணினிகளுக்கு வழங்கும் முகவரி எல்லைக்குள் அந்த எண் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு அதில் டிஎச்சிபி சேவையை அணையுங்கள். வீட்டில் முகவரி வழங்கும் அதிகாரம் ஒருவரிடம்தான் இருக்க வேண்டும். கடைசியாக, மோடத்திலிருந்து வரும் கேபிளை அதன் லேன் துளையில் செருகுங்கள். வான் துளை காலியாகவே இருக்கட்டும்.

ரவுட்டரே இல்லையென்றால்

இணையம் ஒரு யுஎஸ்பி மோடம் வழியாக முதல் கணினிக்குள் மட்டுமே வருகிறது, அல்லது ரவுட்டர் கிடைக்கும்வரை சமாளிக்க வேண்டும். அப்போது விண்டோஸின் இணைய இணைப்புப் பகிர்வு கைகொடுக்கும். முதல் கணினிக்கு இரண்டு வழிகள் வேண்டும்: ஒன்று இணையம் உள்ளே வர, மற்றொன்று இரண்டாவது கணினிக்குப் போக. ஈதர்நெட் மோடம் என்றால் அந்தக் கணினியில் இரண்டு லேன் கார்டுகள் இருக்க வேண்டும்.

நெட்வொர்க் கனெக்ஷன்ஸ் சாளரத்தைத் திறந்ததும் முதல் வேலையாக இரண்டு இணைப்புகளுக்கும் பெயர் சூட்டுங்கள்: ‘வெளி’, ‘உள்’. ‘லோக்கல் ஏரியா கனெக்ஷன்’, ‘லோக்கல் ஏரியா கனெக்ஷன் 2’ என்ற இரட்டையர்களை வைத்துக்கொண்டு வேலை செய்தால் பத்தாவது நிமிடத்தில் எது எதுவென்று மறந்துவிடும். எது எது என்று அறிய ஒரு கேபிளைப் பிடுங்குங்கள். எந்தப் படத்தில் சிவப்புப் பெருக்கல் குறி விழுகிறதோ அதுதான் அந்தக் கார்டு.

இப்போது ‘வெளி’ இணைப்பின் பண்புகளைத் திறந்து, எக்ஸ்பி என்றால் ‘அட்வான்ஸ்டு’ தாவலுக்கும் விண்டோஸ் 7 என்றால் ‘ஷேரிங்’ தாவலுக்கும் போய், மற்றவர்கள் இந்தக் கணினி வழியாக இணையத்தைப் பயன்படுத்த அனுமதிக்கும் கட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். பகிர வேண்டியது எப்போதும் இணையம் வரும் இணைப்பை. பிபிபிஓஇ டயல் செய்கிறவர்கள் லேன் கார்டை விட்டுவிட்டு அந்த டயல் இணைப்பைத்தான் பகிர வேண்டும். இதில்தான் பலர் வழுக்குகிறார்கள்.

பகிர்ந்தவுடன் ‘உள்’ கார்டுக்கு விண்டோஸ் தானே ஒரு முகவரியைக் கொடுக்கும்: எக்ஸ்பியில் 192.168.0.1, விண்டோஸ் 7 முதல் 192.168.137.1. அதை மாற்ற வேண்டாம். எக்ஸ்பியில் மோடத்தின் முகவரியும் 192.168.0.1 ஆக இருந்தால் மோதல் வரும். அப்போது மோடத்தை வேறு வரிசைக்கு மாற்றுங்கள். இரண்டாவது கணினியில் எல்லாம் ‘தானாகப் பெறு’ என்று இருந்தால் போதும். முதல் கணினியின் மின்சக்தி அமைப்பில் உறக்கநிலையை அணைத்துவிடுங்கள். திரை அணையலாம், கணினி தூங்கக் கூடாது.

எக்ஸ்பியில் நெட்வொர்க் அமைப்பு வழிகாட்டியை ஓட்டினால் அது சில சமயம் இரண்டு கார்டுகளையும் இணைத்து ‘நெட்வொர்க் பிரிட்ஜ்’ ஒன்றை உருவாக்கிவிடும். அது வேறு வேலைக்கான வசதி. பட்டியலில் கண்டால் நீக்கிவிட்டு மேலே சொன்னபடி கையால் அமையுங்கள்.

முதல் கணினியில் லினக்ஸ் இருந்தால் இதைவிட எளிது. நெட்வொர்க் மேனேஜரில் ‘உள்’ கார்டின் ஐபிவி4 முறையை ‘மற்றக் கணினிகளுடன் பகிர்’ என்று மாற்றினால் முடிந்தது. அது வழக்கமாக 10.42.0.1 என்ற முகவரியை எடுத்துக்கொள்ளும்.

வரவில்லையா? வாசலிலிருந்து தேடுங்கள்

‘நெட் வரவில்லை’ என்பது ஒரு நோயின் பெயர் அல்ல. எந்தக் கண்ணி அறுந்தது என்று வரிசையாகப் பார்த்தால் சில நிமிடங்களில் பிடிபட்டுவிடும்.

கேபிள் செருகிய இடத்தில், கணினியிலும் ரவுட்டரிலும், விளக்கு எரிகிறதா? எரியவில்லை என்றால் கேபிள், துளை, கார்டு ஆகியவற்றில் ஒன்று பழுது. விண்டோஸுக்குள் போய் எதையும் நோண்ட வேண்டாம்.

விளக்கு எரிந்தால் ஐபிகான்ஃபிக். முகவரி 169.254 என்று தொடங்கினால், கணினி கேட்டுப் பார்த்து யாரும் பதில் சொல்லாததால் தனக்குத் தானே ஒரு முகவரி வைத்துக்கொண்டது என்று அர்த்தம். டிஎச்சிபி அணைந்திருக்கலாம், கேபிள் தவறான துளையில் இருக்கலாம்.

முகவரி சரியாக இருந்தால் ‘பிங்’ (ping) கட்டளையால் ரவுட்டரைக் கூப்பிடுங்கள். அது பதில் சொன்னால் அடுத்து 8.8.8.8ஐக் கூப்பிடுங்கள், இது கூகுளின் பொது டிஎன்எஸ் சேவையின் முகவரி. ரவுட்டர் பதில் சொல்லி, இது சொல்லாவிட்டால் வீட்டுக்குள் எல்லாம் சரி, கோளாறு மோடத்திலோ அதற்கு அப்பாலோ. 8.8.8.8 பதில் சொல்லி, ஒரு தளத்தின் பெயரைக் கூப்பிட்டால் மட்டும் தெரியவில்லை என்று வந்தால் டிஎன்எஸ் பழுது. பழைய டிஎன்எஸ் முகவரி எங்காவது கையால் எழுதப்பட்டிருக்கும்.

எல்லாப் பிங்கும் வெற்றி, ஆனால் உலாவி மட்டும் சான்றிதழ் பிழை, பாதுகாப்பற்ற தளம் என்று அலறுகிறதா? திரையின் மூலையில் தேதியைப் பாருங்கள். 2002 ஜனவரி என்றோ அதைப்போல ஏதோ ஒரு பழங்காலத் தேதியோ இருக்கும். மதர்போர்டில் உள்ள வட்டமான சிஆர்2032 பேட்டரி தீர்ந்துபோனால் ஒவ்வொரு முறை மின்சாரத்தை அணைக்கும்போதும் கணினி நாளை மறந்துவிடும். தளங்களின் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கடந்த காலத்தில் வாழும் கணினிக்கு அவையெல்லாம் இன்னும் பிறக்காத சான்றிதழ்கள். பேட்டரியை மாற்றித் தேதியைச் சரிசெய்தால் அலறல் நின்றுவிடும்.

தேதியும் சரி, இன்னும் திறக்கவில்லை என்றால் உலாவியின் வயதுதான் காரணம். எக்ஸ்பியில் ஓடும் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 8க்கு இன்றைய தளங்கள் கேட்கும் டிஎல்எஸ் 1.2 மறையாக்கம் தெரியாது. எக்ஸ்பிக்குக் கடைசியாக வந்த குரோம் 49, ஃபயர்ஃபாக்ஸ் 52. விண்டோஸ் 7க்குக் கடைசி குரோம் 109. இதை எந்த ரவுட்டராலும் கேபிளாலும் சரிசெய்ய முடியாது.

பாதுகாப்பு

எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8ஆம் தேதியும், விண்டோஸ் 7க்கானது 2020 ஜனவரி 14ஆம் தேதியும், விண்டோஸ் 10க்கானது 2025 அக்டோபர் 14ஆம் தேதியும் முடிந்தன. 2003 ஆகஸ்டில் பரவிய பிளாஸ்டர் புழு, எதையும் சொடுக்காமல் சும்மா இணையத்தில் இருந்த எக்ஸ்பி கணினிகளுக்குள்ளேயே புகுந்தது. நாட் செய்யும் ரவுட்டருக்குப் பின்னால் இருந்தவற்றை அத்தகைய அழையா விருந்தாளி வெளியிலிருந்து நேரடியாக அணுக முடியாது. பழைய கணினியை மோடத்தில் நேரடியாகச் செருகாதீர்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவே முதல் காரணம். வெளியிலிருந்து வருவதையெல்லாம் ஒரே கணினிக்குத் திருப்பிவிடும் டிஎம்இசட் என்ற ரவுட்டர் வசதியைப் பழைய கணினிக்குக் கொடுத்தால் இந்தக் கவசம் போய்விடும்.

ஆனால் நீங்களே சொடுக்கி உள்ளே அழைப்பதை ரவுட்டர் தடுக்காது. வங்கிக் கணக்கையும் முக்கிய மின்னஞ்சலையும் எக்ஸ்பியில் திறக்காதீர்கள். ஒரு கணினியில் புகுந்தது மற்றொன்றுக்குத் தாவும் என்பதும் நினைவிருக்கட்டும். 2017 மே மாதம் பரவிய வான்னாக்ரை என்ற புழு, விண்டோஸின் கோப்புப் பகிர்வு முறையான எஸ்எம்பியின் முதல் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான் கணினிக்குக் கணினி தாவியது. எக்ஸ்பியோடு கோப்புகளைப் பகிர வேண்டுமென்றால் அந்த முதல் பதிப்பைத்தான் திறந்து வைக்க வேண்டும். பென் டிரைவே மேல்.

கணினி ஓரளவு தாங்குமென்றால் எடை குறைந்த லினக்ஸ் ஒன்றை நிறுவுவது நல்லது. புதிய உலாவியும் கூடவே வரும். செயலி 64 பிட்டா என்பதை முதலில் பாருங்கள். 32 பிட் கணினிகளுக்கான பதிப்புகள் குறைந்துகொண்டே வருகின்றன. 2025இல் வந்த டெபியன் 13 அவற்றுக்கான நிறுவியைத் தரவில்லை.

ஒன்று இழுத்தால் மற்றொன்று தவித்தால்

இரண்டு கணினிகளும் ஓடத் தொடங்கிய பிறகு வரும் புகார் இது: ஒன்றில் படங்களைப் பதிவேற்றினால் மற்றதில் பக்கமே திறப்பதில்லை. பதிவிறக்க வேகம் எவ்வளவு இருந்தாலும் இது நடக்கும். தரவு வந்து சேர்ந்தது என்ற ஒப்புகைச் செய்திகள் பதிவேற்றப் பாதையில்தான் போக வேண்டும். தொலைபேசிக் கம்பி வழியாக வரும் ஏடிஎஸ்எல் போன்ற இணைப்புகளில் அந்தப் பாதை குறுகல். ஒரு பெரிய கோப்பு அதை அடைத்துக்கொண்டால் ஒப்புகைகள் வரிசையில் காத்துக் கிடக்கும், அவை வராமல் எதிர்முனை மேற்கொண்டு அனுப்பாது.

ரவுட்டரில் க்யூஓஎஸ் அல்லது வேகக் கட்டுப்பாடு இருந்தால், இணைப்பின் உண்மையான பதிவேற்ற வேகத்தை அளந்து, அதில் 85 முதல் 90 விழுக்காட்டை உச்ச வரம்பாக வையுங்கள். ஒரு கணினியில் பெரிய கோப்பைப் பதிவேற்றியபடி மற்றதிலிருந்து 8.8.8.8ஐப் பிங் செய்யுங்கள். பதில் வரும் நேரம் பல நூறு மில்லிவிநாடியாக எகிறினால் வரம்பை இன்னும் கொஞ்சம் இறக்குங்கள். பதிவேற்றம் நடக்கும்போதும் நடக்காதபோதும் அது ஏறக்குறைய ஒன்றாக இருக்கும் இடத்தில் விட்டுவிடுங்கள். ரவுட்டரில் அந்த வசதி இல்லையென்றால், பதிவேற்றும் மென்பொருளிலேயே வேக வரம்பு இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். மேகச் சேமிப்பு, டோரன்ட் மென்பொருள்கள் பலவற்றில் அமைப்புகளுக்குள் அது இருக்கும்.